அரிசிப் பைகள் ஆடிய அறை

ஜாலான் புசார் தெருவில் அவருடைய மாடிக்கு ஏறிப் போகிறவர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டபடிதான் இறங்கி வருவார்கள். நீளமான அறை. உத்திரத்தில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு ஸ்பிரிங், அதன் நுனியில் சரோங் துணியில் கட்டிய தூளி, தூளிக்குள் குழந்தைக்குப் பதிலாக, ஸ்பிரிங் தாங்குகிறதா என்று பார்க்க, ஓர் அரிசிப் பை. ஒன்று எழும்பும்போது பக்கத்தில் இருப்பது தாழும். பிற்பகல் வெயில் சன்னல் வழியே வந்து சரோங் பூக்களின் மேல் ஏறி இறங்கும். கீழே இரும்புக் கடைகளில் கம்பி அறுக்கிற சத்தம்கூட அந்த அறைக்குள் நுழைந்ததும் அரைத்தூக்கத்தில் கேட்கிற சத்தமாகிவிடும். அவர் அந்த வரிசையின் நடுவே நடந்து, போகிற போக்கில் ஒவ்வொரு பையையும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டுப் போவார். கடைசிப் பையை எட்டும்போது முதல் பை ஓயத் தொடங்கியிருக்கும். திரும்பி நடப்பார்.

தொட்டிலம்மா என்றுதான் ஊரில் சொன்னார்கள். நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டேன். கம்பம் என்ற பழைய கிராமத்து வீடுகளில் தூளி கட்ட உத்திரம் இருந்தது. அடுக்குமாடிக்கு மாறிப் போனவர்கள் தலைக்கு மேலே பார்த்தால் வெறும் சிமெண்ட். அவர்களுக்காக அவர் நான்கு கால் இரும்புச் சட்டம் ஒன்றைக் கீழ்க்கடைச் சீனரிடம் சொல்லிச் செய்துவைத்தார். சட்டமும் ஸ்பிரிங்கும் சரோங்கும் சேர்த்து ஒரு விலை. கடை என்று பலகை எதுவும் கிடையாது. பத்திரிகையில் இரண்டு வரி விளம்பரம், கீழே தொலைபேசி எண். போனில் ஆர்டர் வரும். வாடகை லாரியில் சாமான் போகும். யார் வீட்டில் எந்தக் குழந்தை அதில் தூங்குகிறது என்று அவருக்குத் தெரியாது.

அது அவருக்குப் பெரிய குறை. "மூஞ்சியே பாக்காம விக்கிறேன் பாரு" என்பார். அதனால்தானோ என்னவோ, போனை எடுத்ததுமே மன்னிப்புக் கேட்பார். வயரில் இரைச்சல் கேட்டால் அதற்கு மன்னிப்பு. எதிர்ப்பக்கம் இருப்பவர் இருமினால் அதற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஓர் அம்மாள் மழையில் நனைந்து மேலே வந்தார். ஆன்ட்டி துண்டை எடுத்துக் கொடுத்து, "மன்னிச்சுக்கங்க, என் தப்புதான்" என்றார். மழை எப்படி இவர் தப்பாகும் என்று நான் விழித்தேன். இங்கே வரச் சொன்னது தான்தானே என்று பிறகு எனக்கு விளக்கம் சொன்னார்.

கீழே வெல்டிங் செய்யும் சீனர், நாங்கள் அங்கிள் என்போம், இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார். கையிலிருந்து சுத்தியல் நழுவினால், வாளி கவிழ்ந்தால், பூனை அவர் மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மாடியைப் பார்த்து மலாயில் சத்தம் போடுவார், யார் தப்பு என்று. ஆன்ட்டி சன்னலுக்கு வந்து தலையை நீட்டி, என் தப்புதான் என்று மலாயிலேயே பதில் சொல்லிவிட்டு உள்ளே போவார். தெருவே சிரிக்கும்.

ஆனால் ஒன்றை நான் கவனித்தேன். அவர் தன் தப்பு என்று முதலில் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் சும்மா இருக்க முடியாமல் தவிப்பார். எங்கள் வாசலில், கடைகளை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில், இரும்புச் சட்டத்தின் கால் தடுக்கி விழுந்த ஒருவர் சண்டைக்குத்தான் மேலே ஏறி வந்தார். ஆன்ட்டி மன்னிப்புக் கேட்டதும், "இல்ல இல்ல, நானும் போஸ்டரப் பாத்துக்கிட்டே வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் ஏமாற்றிய ஒருத்தி, ஆன்ட்டியின் ஒரு மன்னிப்புக்குப் பிறகு தன் மாமியார் கதை முழுவதையும் போனில் சொன்னாள். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் எல்லோரும் தம் பாவத்தை ஒப்புக்கொண்டு நெஞ்சில் தட்டிக்கொள்ளும் இடத்தில் ஆன்ட்டியின் தட்டல் மட்டும் தனியாகக் கேட்கும் என்று அதே தேவாலயத்துக்குப் போகும் ஒருவர் சொல்லியிருக்கிறார். நான் வேறு சாமி. நேரில் கேட்டதில்லை.

எனக்கு அப்போது வயது பதினேழு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா பெயரெழுதத் தெரியாதவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஆங்கிலத்தில் வரும் எதையும் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, நான் படிப்பதைத் தெருவே கேட்க வேண்டும் என்று கதவைத் திறந்து வைப்பார். ஆன்ட்டிக்கும் அதற்காகத்தான் நான் தேவைப்பட்டேன். சட்டைப் பையில் பேனா செருகிக்கொண்டு அந்த மாடிப்படி ஏறியபோது எனக்கு இருந்த மிடுக்கு இன்றும் குறையவில்லை.

காப்புறுதி ஏஜெண்ட் ஒருவர் வாடிக்கையாளராகத்தான் முதலில் வந்தார். தமிழர், முப்பது வயதிருக்கும், மனைவிக்கு முதல் பிரசவம். ஆடும் பைகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். கண் செருகியது. உதறிக்கொண்டு கேட்டார்:

"அக்கா, இதுல ஒண்ணு அறுந்து புள்ள விழுந்தா?"

"நான்தான் பொறுப்பு."

"பொறுப்புன்னா? ஆஸ்பத்திரிச் செலவு, வழக்கு, எல்லாம்?"

"எல்லாம்."

"எதை வச்சுக் குடுப்பீங்க?"

ஆன்ட்டி அறையைச் சுற்றிப் பார்த்தார். ஸ்பிரிங், துணி, அரிசி. ஏஜெண்ட் தன் பழுப்பு நிறப் பையைத் திறந்தார். இதற்கென்றே பொறுப்புக் காப்புறுதி என்று ஒன்று இருக்கிறது, விற்ற சாமானால் யாருக்காவது அடிபட்டால் அக்கா சார்பில் கம்பெனி கொடுக்கும் என்று விளக்கினார். ஆன்ட்டி அவர் சொன்னதில் லாப நட்டம் எதையும் கேட்கவில்லை. "அப்ப நான் செத்துப்போனாலும் புள்ளைக்குக் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். பாலிசி நடப்பில் இருக்கிறவரைக்கும் கிடைக்கும் என்றார். அன்றே ஆன்ட்டி பாலிசி எடுத்துக்கொண்டார்.

பாலிசி தபாலில் வந்ததும் நான் அதைச் சத்தமாகப் படித்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். நிபந்தனைகளில் ஒன்றில் இருவரும் நின்றுவிட்டோம். விபத்து நடந்தால், கம்பெனி எழுத்தில் சம்மதம் தராமல், காப்புறுதி எடுத்தவர் தவற்றை ஒப்புக்கொள்ளக் கூடாது, ஈடு தருவதாக வாக்குக் கொடுக்கவும் கூடாது. மீறினால் கம்பெனி பணம் தர மறுக்கலாம்.

"மன்னிப்புக் கேட்டா ஒத்துக்கிட்ட மாதிரியா?" என்று கேட்டார்.

அப்படித்தான் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.

"அப்ப ஒரு நாளைக்கு எத்தன ஒத்துக்கிறேன் நான்."

ஏஜெண்டுக்கு இந்த விஷயம் போனதும் பதறிப்போய் வந்தார். அவருக்கு ஆன்ட்டியைத் தெரியும். அன்று பிற்பகல் அந்த அறையில் ஒத்திகை நடந்தது. பைகள் ஆடிக்கொண்டிருந்தன. ஏஜெண்ட் ஒரு மூலையில் நின்று காதில் இல்லாத போனை வைத்துக்கொண்டு, கோபமான வாடிக்கையாளர்போல, "உங்க தொட்டில் விழுந்துருச்சு" என்றார்.

"ஐயோ, புள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே? மன்னிச்சுக்கங்க, என்..."

"அக்கா, அதச் சொல்லாதீங்க லா."

"எத?"

"மன்னிப்ப. புள்ளையப் பத்திக் கேளுங்க. பால் குடிச்சானான்னு கேளுங்க. கம்பெனிக்குத் தெரியப்படுத்துறேன்னு சொல்லுங்க. அதோட நிறுத்துங்க."

இரண்டாம் முறை சரியாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, ஏஜெண்டை இத்தனை தூரம் அலைய வைத்ததற்காக மன்னிப்புக் கேட்டார். ஏஜெண்ட் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அரிசிப் பைகளின் நடுவே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அப்படியே தூங்கியும் போனார். வாயைக் கட்டுப்படுத்த ஆன்ட்டியே ஒரு வழி கண்டுபிடித்தார். பேசக் கூடாத இடத்துக்குப் போனால் கடைவாய்ப் பல்லில் ஒரு ஏலக்காயை வைத்துக் கடித்துக்கொள்வாராம். அதுவரைக்கும் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஈசூன் அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து அந்தப் போன் வந்தது ஒரு வருடத்துக்குள். பத்து மாதக் குழந்தை. ஸ்பிரிங்கின் கொக்கி வாய் திறந்து, தூளி அப்படியே தரையில் விழுந்திருக்கிறது. தொடை எலும்பு முறிவு. நான்தான் போனை எடுத்தேன். வாங்கிக்கொண்ட ஆன்ட்டி, தகப்பன் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார். அவருடைய உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கடைசியில், கம்பெனிக்குத் தெரியப்படுத்துகிறேன் என்றார். போனை வைத்துவிட்டு நடந்து போய், ஆடிக்கொண்டிருந்த ஒவ்வொரு பையையும் கையால் பிடித்து நிறுத்தினார். அந்த அறை அசையாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனேன். குழந்தைகள் வார்டில் அவன் மல்லாந்து கிடந்தான். இரண்டு கால்களையும் துணி சுற்றி, கட்டிலுக்கு மேலே இருந்த கம்பியிலிருந்து கயிறு போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அந்த வயதுக் குழந்தைகளுக்கு எலும்பு கூடுவதற்கு அப்படித்தான் செய்வார்கள் என்று தாதி சொன்னார். கயிற்றின் மறு நுனியில் ஓர் எடை தொங்கியது. மின்விசிறிக் காற்றில் அது லேசாக ஆடியது. ஆன்ட்டி அந்த எடையையே பார்த்தார். ஏலக்காய் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

"பால் குடிச்சானாம்மா?" என்று தாயிடம் கேட்டார்.

குடித்தான் என்று தாய் சொன்னார். சின்ன வயதுதான் அவருக்கு, என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். புருஷன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான்கு வயதில் ஒரு மகள், அன்று பக்கத்து வீட்டில் இருந்தாள்.

கால் கட்டிய வாரங்களில் ஆன்ட்டி ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை. சேமியா கொண்டுபோவார், ரசம் கொண்டுபோவார், குழந்தைக்குத் துணி துவைத்துக் கொண்டுபோவார். ஒவ்வொரு நாளும் அதே ஒரு கேள்வி. பால் குடிச்சானா. ஒரு நாள் தாய் பாத்திரத்தை வாங்காமலே சொன்னார்:

"இதையே எத்தன தடவ கேப்பீங்க அக்கா? வேற ஒண்ணும் சொல்ல வராதா உங்களுக்கு?"

வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்ட்டியின் தாடை இறுகியது. மழைக்கும் பூனைக்கும் மன்னிப்புக் கேட்ட வாய். பாத்திரத்தைக் கட்டிலுக்குக் கீழே மெதுவாக வைத்துவிட்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, உள்ளே போய் சொல்லிவிட்டு வந்துவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சொன்னால் கம்பெனி கை விரித்துவிடலாம். பிறகு அந்தக் காலுக்கு ஆகும் செலவெல்லாம் ஷிப்ட் வேலைச் சம்பளத்தில்தான். நம்மிடம் இருப்பது அரிசியும் ஸ்பிரிங்கும். "நீங்க வாயத் திறந்தா புள்ளைக்குத்தான் ஆன்ட்டி கிடைக்காது." அவர் தலையாட்டினார். பையிலிருந்து இன்னொரு ஏலக்காய் எடுத்தார்.

கம்பெனியிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஈசூன் வீட்டுக்குப் போய் அந்த ஸ்பிரிங்கை உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். அங்கேயே விசாரிக்கவும் செய்தார். தூளியில் வேறு யாரும் ஏறினார்களா என்று கேட்டதற்கு, இல்லை என்று தாய் சொல்லிவிட்டதாக ஏஜெண்ட் எங்களிடம் சொன்னார். அந்த மாதங்களில் ஆன்ட்டி யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. போனில் இரைச்சல் வந்தால் பேசாமல் இருந்தார். கீழே அங்கிள் ஒரு முறை இரும்புச் சட்டத்தைப் போட்டுவிட்டு யார் தப்பு என்று கத்தினார். சன்னலுக்கு யாரும் வரவில்லை. அவர் மேலே ஏறி வந்து, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். ஆர்டர்களை ஆன்ட்டி நிறுத்திவைத்திருந்தார். கொக்கிகளில் தூளிகள் தொங்கின, ஆடவில்லை.

குழந்தையின் கால் நேராகக் கூடியது. கம்பெனியும் பணம் கொடுத்து முடித்தது. ஏஜெண்ட் சந்தோஷமாக வந்து, அந்தக் குடும்பம் கையெழுத்துப் போட்ட தாளின் நகலைக் காட்டினார். நான் படித்துச் சொன்னேன். இந்தத் தொகையோடு எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது, இதனால் யாரும் தவற்றை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

"யாரு மேலயும் தப்பு இல்லையா?" என்று ஆன்ட்டி கேட்டார்.

"இல்லக்கா. எல்லாம் முடிஞ்சிருச்சு."

"அப்ப புள்ள எப்படித் தம்பி விழுந்துச்சு?"

ஏஜெண்ட் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். இனிமேல் தான் என்ன சொன்னாலும் குழந்தையின் பணத்துக்கு ஒன்றும் ஆகாதே என்று ஆன்ட்டி கேட்டார். ஆகாது, பணம் அவர்கள் கைக்குப் போய்விட்டது என்றார் ஏஜெண்ட். ஆன்ட்டி செருப்பை மாட்டிக்கொண்டார்.

அப்போது ஈசூனுக்கு ரயில் கிடையாது. பஸ்ஸில் நெடுநேரம் போக வேண்டும். வழியெல்லாம் ரப்பர் மரங்களும், பாதி கட்டிய அடுக்குமாடிகளும், செம்மண்ணும். எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. விழிக்கும்போதெல்லாம் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், வாயில் ஏலக்காயோடு. வீட்டு வாசலில் நின்று, அதை உள்ளங்கையில் துப்பிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, மணியை அழுத்தினார்.

மரக்கதவு திறந்தது. இரும்புக் கம்பிக் கதவு பூட்டியபடியே இருந்தது. இடுப்பில் குழந்தையோடு தாய் நின்றார்.

"பால் குடிச்சானான்னு கேக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. நான் வித்த கொக்கி அது. என் தப்புதான். அன்னைக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. அதுவும் என் தப்புதான். மன்னிச்சுக்கம்மா."

தாயின் பின்னாலிருந்து மூத்தவள் வந்து கம்பிகளைப் பிடித்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தாள். தாய் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குரல் மிகத் தாழ்ந்து வந்தது.

"அன்னைக்கு இவளும் உள்ள உக்காந்திருந்தா அக்கா. தம்பிய மடியில வச்சுக்கிட்டு. நான்தான் தூக்கி உக்கார வச்சேன், சமையல் முடியட்டும்னு. யார்கிட்டயும் சொல்லல. இவங்க அப்பாகிட்டகூட."

நான் இப்போது ஒரு காப்புறுதி அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறேன். அந்த ஒரு வாக்கியம் முன்னமே வந்திருந்தால் கோப்பின் கதி என்னவாகியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றும் ஓரளவு தெரிந்துதான் இருந்தது. ஆன்ட்டி திரும்பி என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை.

"வீட்டுக்கு வீடு ஒரு அக்கா இருப்பா. அது எனக்குத் தெரியாதா? ஒரு புள்ள எடைக்கு ஒரு பையத்தானே வச்சுப் பாத்தேன்."

தாய் சாவியைத் தேடிக் கம்பிக் கதவைத் திறந்தார். உள்ளே போனதும் ஆன்ட்டி தரையில் உட்கார்ந்து மூத்தவளிடம், அன்றைக்கு எப்படி உட்கார்ந்தாய், காட்டு என்றார். அவள் காலை நீட்டி உட்கார்ந்து தம்பியை மடியில் வாங்கிக்கொண்டாள். ஆன்ட்டி இரண்டு கைகளையும் கீழே கொடுத்து இருவரையும் சேர்த்து ஒரு தடவை தூக்கினார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே வைத்திருந்தார். பிள்ளைகள் சிரித்தன. இன்னொரு தடவை தூக்கினார். அந்த எடையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஜாலான் புசாருக்குத் திரும்புகிறவர்போல, பஸ்ஸில் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலையில் நான் படியேறும்போது மேலே ஸ்பிரிங்குகளின் முனகல் கேட்டது. குரல் மாறியிருந்தது. ஒவ்வொரு தூளியிலும் பழைய பையோடு இன்னொரு பெரிய பை. எல்லாம் தரையைத் தொடுவதுபோலத் தாழ்ந்து, நிதானமாக எழும்பின. பிற்பகலில் வெயில் பூக்களின் மேல் ஏறி இறங்கியது. எனக்குக் கண் செருகும் நேரத்தில் ஒரு கொக்கி வாய் திறந்தது. பைகள் தடாலென்று விழுந்து, அரிசி பலகைத் தரையெங்கும் ஓடியது.

கீழேயிருந்து அங்கிளின் குரல் வந்தது, யார் தப்பு என்று.

ஆன்ட்டி சன்னலுக்குப் போய்த் தலையை நீட்டினார். என் தப்புதான் என்று மலாயில் சொன்னார். உள்ளே வந்து, கழன்ற ஸ்பிரிங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, துடைப்பத்தை என் கையில் கொடுத்தார்.